இரண்டாவது பரணுக்குப் போகும் வழி

பிளசன்டன்
ஆகஸ்ட் 11, 2024

தம்பி சேனாபதிக்கு அக்கா புஷ்பவல்லி எழுதுவது.

நானும் உன் மச்சானும் பிரஷர் மாத்திரையின் தயவில் நன்றாகவே இருக்கிறோம். உனக்கும் பர்வதத்துக்கும் உடம்பு எப்படி? ஹூஸ்டன் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா?

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்காதே. போனில் நான் எதைக் கேட்டாலும் "ஆமாங்க்கா" என்கிறாய். போன வாரம் பர்வதத்தின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டதற்கு, போன மாதமே விற்றுவிட்டோம் என்று பதில் சொன்னாய். உன்னோடு போனில் மல்லுக்கட்ட என்னால் ஆகாது. எழுதினால் பதில் ஒழுங்காக வரும்.

செழியன் கல்யாணம் முடிவாகிவிட்டது. பெண் வெண்பா, பிரிட்ஜ்வாட்டரில் வளர்ந்தவள். அவள் அம்மா நாகமணிக்குத் தாராபுரம் பக்கம். தை மாதம் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலிலேயே வைத்துக்கொள்கிறோம். தாய்மாமன் நீ ஒருத்தன்தான். மாலை போட்டுப் பட்டம் கட்ட இப்போதே லீவு சொல்லி வை.

இந்த நேரம் பார்த்தா அவனை வேட்டைக்கு இழுக்க வேண்டும்? உங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தவன், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, மரத்தைப் பற்றி அரை மணி நேரம். மான் சாகிறதே என்று நான் அழவில்லை. நாம் என்ன சைவமா? அடர்ந்த காட்டில் துப்பாக்கியோடு இரண்டு பேர், அதுதான் எனக்குப் பயம். அவனை எங்கே உட்கார வைக்கப்போகிறாய், எந்த வழியாகப் போவான், எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவான் என்று விவரமாக எழுது. படித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் அக்கா,
புஷ்பவல்லி


ஹூஸ்டன்
ஆகஸ்ட் 29, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் சௌக்கியம். பர்வதத்துக்கு முட்டி தேவலை. விற்றது பழைய டிராக்டரை. மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

கல்யாணச் செய்தி படித்து இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். லீவு சொல்லிவிட்டேன்.

நீங்கள் கேட்ட விவரம். நிலம் அறுபது ஏக்கர், இங்கிருந்து மூன்று மணி நேர டிரைவ். பைனும் ஓக்கும் கலந்த காடு. கீழே முள்கொடியும் புதரும் ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கிறது. பத்தடி தள்ளி மாடு நின்றாலும் தெரியாது. அதனால் பரண் எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரத்தில் ஏணி சாய்த்துப் பதினைந்தடி உயரத்தில் ஒரு இருக்கை, அவ்வளவுதான் பரண். இவர்கள் ஸ்டாண்டு என்கிறார்கள். மேலே இருந்து சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும், தூரம் போகாது.

நானும் செழியனும் நாலு சனிக்கிழமை நடந்து பார்த்தோம். அவன் போனில் மேப் வைத்துக்கொண்டு இடம் சொல்லுவான், நான் தரையைப் பார்த்துச் சொல்லுவேன். மான் பகலெல்லாம் புதருக்குள் படுத்துவிட்டு, விடியும்போதும் அந்தி சாயும்போதும் ஓக் கொட்டை தின்ன வெளியே வரும். படுக்கும் இடத்துக்குக் கிட்டப் போனால் ஓடிவிடும், எட்டிப் போனால் இருட்டின பிறகுதான் வரும். இரண்டுக்கும் நடுவில் நடைபாதை நெருங்குகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீச வேண்டும்.

முதல் பரண் எனக்கு. வடக்கே ரோட்டோரம் இருக்கிற கொட்டகையிலிருந்து நேர் தெற்கே, ஓடையின் இந்தக் கரையில். தெற்கே பார்த்திருக்கும். இரண்டாவது பரணை முதலில் மேற்கே ஓக் மரத்தில் கட்டினோம். காற்று சரியில்லை, அதோடு என் பரண் பக்கம் திரும்பியிருந்தது. அவிழ்த்துக் கிழக்கு எல்லைக்கு மாற்றிவிட்டேன். அது செழியனுக்கு. கிழக்கே பார்த்திருக்கும். ஒருவர் சுடுவது இன்னொருவர் பக்கம் வரவே வராது.

அவன் கொட்டகையிலிருந்து வேலியோரமாக நேர் கிழக்கே போவான். நான் நேர் தெற்கே போவேன். உங்கள் பையனுக்கு நான் பொறுப்பு.

தம்பி,
சேனாபதி


பிளசன்டன்
செப்டம்பர் 22, 2024

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் மச்சானுக்கு மட்டும் மூன்று நாளாகச் சளி, அதற்கு முன்னூறு பேச்சு. உங்கள் பக்கம் புயல் என்று டிவியில் காட்டினான், ஒன்றுமில்லையே?

உன் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். பெண் பார்க்கக்கூட நீ இத்தனை மெனக்கெட்டதில்லை, பர்வதத்திடம் சொல்லாதே. எல்லாம் சரி, ஒன்று உறுத்துகிறது. உங்கள் சீசன் எப்போதும் சனிக்கிழமைதான் திறக்குமாம், செழியன் சொன்னான். சனிக்கிழமை கிழக்கே சூலம். கல்யாணம் நிச்சயமான பையன், முதல்முதலாகத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு சூலத்துக்கு எதிரே கிளம்புவானா? பரண்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் தெற்கே போகட்டும், நீ கிழக்கே போ. உனக்குத்தான் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆயிற்றே.

நீ சிரிப்பாய், தெரியும். சிரித்துவிட்டு மாற்று.

அக்கா


ஹூஸ்டன்
அக்டோபர் 16, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம், புயல் எங்களைத் தொடவில்லை. மச்சான் சளி விட்டதா?

சிரித்தேன், மாற்றவில்லை. மன்னிக்கவும். ஓடைப் பரண் பழக்கப்பட்டவன் உட்காருகிற இடம். அங்கே மான் திடீரென்று வரும். புது ஆளுக்குக் கிழக்குப் பரண்தான் லேசு, முன்னால் நாற்பது கெஜம் புதர் வெட்டி வெளியாக வைத்திருக்கிறோம்.

சூலத்துக்கு வேண்டுமானால் ஒரு டம்ளர் தயிர் குடித்துவிட்டுப் போகட்டும், அதுதானே பரிகாரம். வழியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். யார் எங்கே இருக்கிறார் என்பது தெரிந்தால்தான் காட்டில் சுட முடியும். இதை அவனிடமும் பத்துத் தடவை சொல்லிவிட்டேன்.

முன்கூட்டியே தீபாவளி வாழ்த்துகள்.

சேனாபதி


ஹூஸ்டன்
நவம்பர் 9, 2024

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் நீங்கள் காபி தவிர ஒன்றும் சாப்பிடவில்லை என்று பர்வதம் சொன்னாள்.

நேரில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். போன சனிக்கிழமை காலை, சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. பழுப்பாக ஒன்று நகர்ந்தது. மான் என்று நினைத்துச் சுட்டேன். செழியன். மற்றவர் கண்ணில் படுவதற்காகப் போடுகிற ஆரஞ்சு மேலங்கி அவன் கோட்டுக்கு உள்ளே இருந்தது. குண்டு இடது தோளில் பாய்ந்தது. நான் தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தேன்.

முழுசாகக் கண்ணில் படாத ஒன்றைச் சுடக் கூடாது. எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். தெரிந்தும் சுட்டேன். கேம் வார்டன், அதாவது வேட்டைத் துறை அதிகாரி, வந்து விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு போனார். விபத்து என்று சொல்கிறார்கள். தப்பு முழுக்க என்னுடையது. அவன் மேல் எள்ளளவும் இல்லை.

அவன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

சேனாபதி


ஹூஸ்டன்
டிசம்பர் 15, 2024

அக்காவுக்கு,

மச்சானும் நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. வராது என்று தெரிந்துதான் எழுதினேன்.

இரண்டு பரணையும் இறக்கிவிட்டேன். கிழக்குப் பரணில் முதல் நாளே அவன் மாட்டி வைத்திருந்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. அவன் அன்றைக்கு அங்கே போய்ச் சேரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பர்வதம் வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

தைக் கல்யாணம் தள்ளிப்போனதாக வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். விரல் அசைகிறதா?

சேனாபதி


பிளசன்டன்
ஜனவரி 26, 2025

சேனாபதிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். பர்வதம் நலமா?

கேட்டாயே, சொல்கிறேன். தோள் ஆறிவிட்டது. கடைசி இரண்டு விரலில் உணர்ச்சி இல்லை. நரம்பு வளர ஒரு வருஷம் ஆகும், வளராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அவன் இங்கே வந்து எங்களோடு இருந்துதான் ஆபீஸ் வேலை பார்க்கிறான். போன வாரம் கதவைத் திறந்தால், நாற்காலிக் காலில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கயிற்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். நான் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கல்யாணம் ஜூன் 8. நாகமணி போனில் கேட்டாள்: "சுட்டவர் வருவாருங்களா? எங்க சைடுல எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க." நீ வர வேண்டாம். மாலை போட உன் மச்சான் வழியில் யாரையாவது பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும். ஒருவர் சுடுவது இன்னொருவர் பக்கம் வரவே வராது என்று எழுதிக் கொடுத்தாய். உன் எழுத்து இதோ என் கையில் இருக்கிறது. அப்புறம் எப்படி அவன் உன் முன்னால் வந்தான்? அவனைக் கேட்டால் "லெட் இட் கோ மா" என்று சுவரைப் பார்க்கிறான். நீ வரைபடம் போட்டு அனுப்பு. பரண் எங்கே, நீ எங்கே, அவன் எங்கே, எல்லாம் குறித்து அனுப்பு.

புஷ்பவல்லி


ஹூஸ்டன்
பிப்ரவரி 12, 2025

அக்காவுக்கு,

பர்வதம் நலம். உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் தபால் பெட்டி கிட்டேயே நின்று பிரித்துப் படித்தேன்.

வரவில்லை. கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நியாயம்தான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நாகமணி அம்மாவிடம் வரமாட்டார் என்றே சொல்லிவிடுங்கள்.

வரைபடம் இதோடு இருக்கிறது. மேலே ரோடும் கொட்டகையும். கீழே ஓடை. வட்டம் போட்டது என் பரண், சதுரம் அவனுடையது. பெருக்கல் குறி அவன் விழுந்த இடம். அவன் எப்படி வந்தான் என்று நான் கோடு போடவில்லை. அது முக்கியமும் இல்லை. யார் எந்த வழியில் வந்தாலும் சுடுகிறவன் பார்த்துத்தான் சுட வேண்டும். தயவுசெய்து அவனைத் துருவாதீர்கள்.

சேனாபதி


பிளசன்டன்
மார்ச் 30, 2025

தம்பி,

எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? பர்வதம் முட்டிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், தினமும் தடவச் சொல்.

துருவாதே என்றாய். என்னைத் தெரியாதா உனக்கு? அஞ்சு வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பென்சிலைச் செழியன் கையில் கொடுத்தேன். கோடு போடாமல் எழுந்திருக்கக் கூடாது என்றேன். ரொம்ப நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் போட்டான். கொட்டகையிலிருந்து கிழக்கே போகவில்லை அந்தக் கோடு. மேற்கே போய், ஓடையைத் தாண்டி, தெற்குக் கரையோரமாக வந்து, உன் பெருக்கல் குறியில் நின்றது. நீ இருட்டில் முன்னால் போன பிறகுதான் அவன் கிளம்பினானாம்.

பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னான், "நீங்க சொன்ன மாதிரிதான்மா போனேன்."

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் நான் எழுதியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உங்கள் ஊர் கேஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் பண்ணினான். நீ உள்ளே ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தாயாம். நாளைக்குக் கிழக்கே சூலம், மேற்கே பார்த்துக் கிளம்பு சாமி, சுற்றிக்கொண்டு போ என்றேன். நாலடி வைத்துவிட்டுத் திரும்பிக்கட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கிளம்பினவன் திரும்பக் கூடாது, ஆகாது என்றேன். வடக்கே ரோடும் வேலியும். பாவி நான் வேறு வழியே விடவில்லை. மாமாவிடம் சொல்லாதே, கிண்டல் பண்ணுவான் என்றும் சொன்னேன். நீ வழியை மாற்றாதே என்று எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டுத்தான் இத்தனையும் சொன்னேன்.

அவனை உன் துப்பாக்கிக்கு முன்னால் அனுப்பினது நான். அப்புறம் அஞ்சு மாதம் உன்னைக் கரித்துக் கொட்டியதும் நான். உனக்கு எப்போது தெரியும்? ஏன் சொல்லவில்லை?

நாகமணியிடம் சொல்லப் போகிறேன். நீ வா. நீதான் மாலை போட வேண்டும்.

அக்கா


ஹூஸ்டன்
ஏப்ரல் 19, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வந்தது. பர்வதம் தடவுகிறாள், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். மச்சானுக்கு என் வணக்கம்.

காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே செழியன் சொல்லிவிட்டான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா, அவங்களால தாங்க முடியாது" என்றான். அப்போது அவன் சட்டை முழுக்க ரத்தம். அந்த நிலையில் அவன் கேட்டதை நான் எப்படி மீறுவது?

நீங்கள் நாகமணி அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சம்பந்தி வீட்டில் நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், சூலம் பார்த்துப் பிள்ளையைக் குண்டுக்கு அனுப்பினவள் என்று குத்திக் காட்டுவார்கள். வெண்பா உங்களோடு காலத்துக்கும் இருக்க வேண்டியவள். என்னைச் சொன்னால் சொல்லட்டும், எனக்குக் கட்டிக் கொடுக்கப் பெண்ணா இருக்கிறது?

இந்த இடத்தில் கடிதத்தை முடித்து ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் மேசை மேல் கிடந்தது. திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உங்களுக்குப் பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி நான் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது.

அக்கா, அவன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஓடையைத் தாண்டியதும் என் பரண் கிட்டே இருக்கிறது என்று தெரிந்து "மாமா, நான்தான்" என்று இரண்டு தடவை கத்தியிருக்கிறான். அரை மைல் தள்ளிப் பக்கத்து நிலத்துக்காரருக்கே கேட்டிருக்கிறது. ஏதோ கத்தினார்களே, என்ன என்று மறுநாள் என்னிடம் வந்து கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. காற்றடித்தால் காது மெஷின் கூவுகிறது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். காது கேட்காமல், கண்ணாலும் சரியாகப் பார்க்காமல் சுட்டேன்.

கேம் வார்டன் கேட்டார். மெஷின் போட்டிருந்தேன், ஒரு சத்தமும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செழியன் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றினான். பக்கத்து நிலத்துக்காரரை யாரும் கேட்கவில்லை. பர்வதத்துக்குக்கூட இது தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்திலேயே இதை மறைத்துத்தான் எழுதினேன்.

இதற்கு மேல் நான் எந்த முகத்தோடு மாலை போடுவது?

சேனாபதி


பிளசன்டன்
மே 4, 2025

தம்பி சேனாபதிக்கு,

நாங்கள் நலம். செழியனுக்கு நாலாவது விரல் நுனியில் சுருக்கென்று குத்துகிறதாம். அது நல்லதாம், டாக்டர் சொன்னார். நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா?

அவன் கூப்பிட்டது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முதல் நாள் மயக்கம் தெளிந்ததும் "ரெண்டு தடவ கூப்பிட்டேன்மா" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உன் காதைப் பற்றி எனக்குத் தெரியாதா? உன் முகத்தை நான் பார்க்காமல் போனது அதற்காகத்தான். சுட்டதற்காக இல்லை. கை தவறும், கண் தவறும். கூப்பிட்டதை மறைத்துவிட்டு நீ நவம்பரில் ஒரு கடிதம் போட்டாய், டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. ஒவ்வொரு கவரையும் பிரிக்கும்போது இதில் எழுதியிருப்பான் என்று நினைத்தேன். நானாகக் கேட்டால் அது கேட்டு வாங்கினதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரைபடம் கேட்டதே அதற்காகத்தான். அதில் என் தப்பும் வந்து நிற்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

நாகமணியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சூலம் பார்த்ததையும் வழி மாற்றியதையும் உன்னிடம் மறைக்கச் சொன்னதையும். அப்புறம் வெண்பாதான் போனை வாங்கினாள். ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. "அங்கிள் வரணும் ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். நாகமணி என்ன நினைக்கிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. குத்திக் காட்டினால் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியதுதான்.

உன் மெஷின் விஷயத்தை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. நாளைக்கே அந்த கேம் வார்டன் ஆபீசுக்குப் போ. எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல்லிவிட்டு, நடந்ததை எழுதிக் கொடு. வக்கீலைக் கூட்டிக்கொண்டு போ. கேஸ் வருமோ, நிலம் போகுமோ, எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் அங்கே இருக்கிறவரைக்கும் என் பையன் உனக்காக ஞாபகம் இல்லாதவனாகவே இருக்க வேண்டும். கல்யாணம் ஆகிப் பெண்டாட்டியிடமும் அதையே சொல்ல வேண்டும். அதை அவன் தலையில் கட்டிவிட்டுப் பட்டம் கட்ட வராதே.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் உன்னை நினைத்தால் அடிக்கத் தோன்றுகிறது, மறுநாள் நீ சாப்பிட்டாயோ என்னவோ என்று இருக்கிறது.

சொல்லிவிட்டு வா. ஜூன் 6 வெள்ளிக்கிழமை நெவார்க்கில் இறங்கு, உன் மச்சான் கார் கொண்டுவருவார். கோயிலில் மாமன் மாலை யாருக்கு என்று கேட்டார்கள். உன் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா,
புஷ்பவல்லி